மூன்றாம் பத்தியும் ஒரு முதல் தகவல் அறிக்கையும்

(எல். இளையபெருமாள் அவர்களின் நினைவாகச் செஞ்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இளையபெருமாள் அவர்களின் நினைவாகப் பேச வேண்டும் என்று கேட்டபோது, எதைப் பேசுவது என்று எங்களுக்குள் ஒரு மாலை முழுக்க விவாதம் நடந்தது. செஞ்சியும் அவருடைய காட்டுமன்னார்கோயிலும் ஒரே தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த காலம் அது. 1952இல் அமைந்த முதல் மக்களவைக்கு இந்த மண்ணிலிருந்து போனவர். தீண்டாமை பற்றி ஆராய 1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து 1969இல் அறிக்கை தந்தவர். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் தண்டனை கூட்டப்பட்டு, குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதற்குப் பின்னால் அந்த அறிக்கை இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதோடு அவர் நிற்கவில்லை. அந்தச் சட்டம் யாரைப் போய்த் தொடுகிறது, யாரைத் தொடாமல் விட்டுவிடுகிறது என்று பார்த்தார். நாங்களும் இன்று அந்த வழியில், சட்டம் தொடாமல் விட்ட ஒருவரைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, செஞ்சிக்கு மேற்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அங்கே காலனியில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் சேத்துப்பட்டுப் பக்கம் பெண் எடுத்தவர், திருமணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டவர். தம்பி இந்து. இருவருக்கும் நடுவே அவர்களுடைய அம்மா. அமாவாசைக்கு மேல்மலையனூர் போவார், ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாதா கோயிலுக்கும் போவார். அதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

ஒரு நாள் தம்பி ஊர்த்தெரு வழியாக வண்டியில் போனார். நிறுத்தி, சாவியைப் பிடுங்கி, சாதிப் பெயர் சொல்லி அடித்தார்கள். தகவல் கேட்டு ஓடிவந்த அண்ணனையும் அதே இடத்தில் வைத்து, அதே சாதிப் பெயரைச் சொல்லி அடித்தார்கள். தம்பிக்கு உதடு கிழிந்தது. அண்ணனுக்குக் கை முறிந்தது.

புகார் எழுத நாங்களும் கூடப் போயிருந்தோம். முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்பட்டது. விசாரணை டி.எஸ்.பி.க்குப் போனது. அவர் இருவருடைய சாதிச் சான்றிதழையும் கேட்டார். தம்பியின் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர், பட்டியல் சாதி. அண்ணனின் சான்றிதழில் கிறித்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர். அதன் பிறகு வழக்கில் பாதிக்கப்பட்டவர் என்று வன்கொடுமைச் சட்டத்தின் கணக்கில் வந்தவர் தம்பி மட்டும். நிவாரணத் தொகையின் முதல் தவணை அவருக்கு வந்தது. கை முறிந்தவருக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் சாதாரணப் பிரிவுகள், இரண்டு பேர் டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டால் போடுகிற அதே பிரிவுகள்.

அந்த அதிகாரி சட்டத்தை மீறினார் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டம் சொன்னபடிதான் செய்தார். எங்களால் அவரோடு சண்டை போடக்கூட முடியவில்லை. அம்மாதான் கேட்டார்: "ரெண்டு பேரையும் ஒரே வார்த்தய சொல்லித்தான திட்டுனானுவோ, அப்புறம் பெரியவனுக்கு மட்டும் எப்படி அது இல்லாம போவும்?" சமூகவியலில் முதுகலை படித்தவர்கள் எங்களில் இருக்கிறோம். அந்தக் கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் ஒரு சிறிய பத்தியில் இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி. இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றும் எவரையும் பட்டியல் சாதியினராகக் கருதக்கூடாது என்றது அது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். பௌத்தர்களைச் சேர்க்க 1990 வரை ஆயிற்று. இந்த இடைவெளியை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பாபாசாகேப் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14. அவரைப் பின்பற்றிப் போன லட்சக்கணக்கானவர்களை ஒன்றிய அரசின் பட்டியல் முப்பத்துநான்கு ஆண்டுகள் வெளியே நிறுத்தியிருந்தது. சாதியை ஒழிக்க மதம் மாறினார்கள், அரசு அவர்களிடமிருந்து சாதிக்கு எதிரான பாதுகாப்பை எடுத்துக்கொண்டது. கிறித்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்றுவரை அந்தப் பத்திக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தபோது பட்டியல் சாதி என்பதற்குத் தனி விளக்கம் எதுவும் எழுதவில்லை. அரசமைப்பில் உள்ள பொருளையே எடுத்துக்கொண்டது. அதனால் இடஒதுக்கீட்டுக்காக வரைந்த எல்லைக்கோடு, அடியிலிருந்து காப்பாற்றும் சட்டத்துக்கும் எல்லைக்கோடாகிவிட்டது. ஆந்திர உயர் நீதிமன்றம் 2025இல், கிறித்தவ மதபோதகர் ஒருவர் கொடுத்த வழக்கில் இதையே உறுதிசெய்தது: மதம் மாறியவருக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது.

நீதிமன்றங்கள் இதை எப்படி விளக்கின என்பது தனிக் கதை. 1984இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கிரகணம் என்ற உவமையைப் பயன்படுத்தியது. மதம் மாறியவரின் சாதி அழிந்துபோவதில்லை, கிரகணம் பிடித்ததுபோல் மறைந்திருக்கும். தாய் மதத்துக்குத் திரும்பியதும் கிரகணம் விட்டுவிடும். 2015இல் வந்த மற்றொரு தீர்ப்பும், திரும்பி வந்தவரை அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டால் பழைய சாதித் தகுதி உண்டு என்றது. நம் ஊரில் கிரகணம் பிடித்தால் சோற்றுப் பானையில் தர்ப்பை போடுவார்கள், கர்ப்பிணியை வெளியே விடமாட்டார்கள். இந்தக் கிரகணத்தில் ஒருவர் அடிபட்டால் என்ன செய்வது என்று எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

அண்ணனுக்கும் இந்த யோசனை வந்து சேர்ந்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை, நல்லெண்ணத்தில்தான் ஒருவர் சொன்னார்: "திரும்பிடுப்பா. சர்டிபிகேட்ட மாத்திக்கலாம், எல்லாம் சரியாயிடும்." அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அடி வாங்கினதுக்கு நான் சாமிய மாத்தணுமா?" என்று மட்டும் கேட்டார். மதச் சுதந்திரம் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. அரசமைப்பின் 25ஆம் பிரிவில் இருப்பதைத்தான் கேட்டார்.

இந்த வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி புதிதும் இல்லை. மலைக்கு வடக்கே திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் பாறையில் அமர்ந்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியருக்கு அங்கே கல்வெட்டு இருக்கிறது. செஞ்சியை ஆண்ட ஒருவன் சமணர்களைத் துன்புறுத்தியதாகவும், தப்பிப்பதற்காகப் பலர் நெற்றியில் நீறு பூசிக்கொண்டதாகவும் ஒரு வழக்கு இங்கே உண்டு. நீறுபூசி நயினார் என்ற பெயர் அப்படி வந்தது என்பார்கள். கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலும் இருக்கிறது, சாதத்துல்லா கான் மசூதியும் இருக்கிறது. 1597இல் பிமெண்டா என்ற இயேசு சபைப் பாதிரியார் வந்து இந்த நகரத்தைப் பார்த்து வியந்திருக்கிறார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது நம் கடைவீதியில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எங்களுக்கும்தான். ஆனால் கோட்டைக்குக் கிடைத்த பட்டியல் இடம் கோட்டையைச் சுற்றி வாழ்கிற எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.

சரி, சாதி கிறித்தவத்தில் இல்லை, அதனால் பாதுகாப்பும் தேவையில்லை என்கிறார்களே, அதைப் பார்ப்போம்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது இவருக்குக் கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் அதே தோலைத் தைத்த இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1985இல் தீர்ப்பு வந்தது: மதம் மாறிய பிறகும் சாதி நீடிக்கிறது என்று சொன்னால் போதாது, அதே இழிவும் அதே ஒடுக்குமுறையும் புதிய மதச் சூழலிலும் தொடர்கின்றன என்று காட்ட வேண்டும், அதற்கான ஆதாரம் போதவில்லை. ஆதாரம் கேட்டதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வியை இந்து ஆதிதிராவிடரிடம் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. கிறித்தவர் மட்டும் தன் அவமானத்தின் அளவை எடைபோட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆதாரம் வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். புதுச்சேரி தேவாலயத்துக்குள் தலித் கிறித்தவர்களைப் பிரித்துவைத்த சுவரையும், 1745இல் அதைச் சுற்றி எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரிக்கிற சுவரைப் பற்றி இங்கே பலருக்குத் தெரியும். அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், நம் பங்குகள் சேர்ந்திருக்கிற அதே புதுச்சேரி-கடலூர் உயர் மறைமாவட்டத்தில்தான் எறையூர் இருக்கிறது. தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் 2008 மார்ச் 9 அன்று தாக்கப்பட்டன. அடித்தவர்களும் கிறித்தவர்கள், அடிபட்டவர்களும் கிறித்தவர்கள். காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஒரே பூசை, ஒரே நற்கருணை, ஒரே மாதா. பிணம் போகும் வழி மட்டும் வேறு.

இந்த இடத்தில் திருச்சபைத் தலைமையைப் பற்றியும் பேசியாக வேண்டும். மூன்றாம் பத்தியை நீக்கு என்று ஆண்டுதோறும் கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறார்கள், நாமும் போய் நிற்கிறோம். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கொள்கை ஆவணம் வெளியிட்டு, கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டது. அதை மதிக்கிறோம். ஆனால் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் கோயில் வாசலைத் தாண்டி உள்ளே வரும் என்றால், மத விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கும் 26ஆம் பிரிவின் உரிமையை எடுத்து முன்னால் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தேர் எந்தத் தெருவுக்குள் வரும், யார் வாசகம் படிப்பார், யாரை எந்த மூலையில் புதைப்பார்கள் என்பதெல்லாம் எந்தத் திருமறையின் கோட்பாடு? 1955 சட்டத்தின் மூன்றாம் பிரிவு ஒரே மதத்தைச் சேர்ந்தவருக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தைத் தீண்டாமையின் பெயரால் மூடுவதைக் குற்றம் என்கிறது. அது தேவாலயத்துக்கும் பொருந்தும். தலித் கிறித்தவர் இன்றைக்கும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் ஆறு மாதத்தைத் தாண்டாத சிறை, நூறிலிருந்து ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியாக இருந்தால், செயல் தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் ஊகிக்கும். கிறித்தவருக்கு அந்த ஊகமும் இல்லை. அவரே நிரூபிக்க வேண்டும். பழைய, பல் விழுந்த சட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் புதிய சட்டத்தை அலமாரியில் பூட்டியிருக்கிறார்கள்.

இப்போது முன்மொழிவுகளுக்கு வருவோம். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. அதை நீக்கக் கோரி 2004இல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டே போகிறது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிதாக ஓர் ஆணையம் அமைத்தது. இரண்டு ஆண்டு கெடு கொடுத்தார்கள், பிறகு நீட்டித்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடருக்குப் பட்டியல் சாதித் தகுதி தரவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

ஆணையத்துக்குக் கொடுத்த பணிகளில் ஒன்று எங்களை உறுத்துகிறது. மதம் மாறியவரின் பழக்கவழக்கம், மரபு, சமூகநிலை ஆகியவற்றில் என்ன மாற்றம் வந்திருக்கிறது என்று ஆராய வேண்டுமாம். மாறியவர் எவ்வளவு மாறினார் என்பது கேள்வி. அவரைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர்த்தெரு எவ்வளவு மாறியது என்பதையல்லவா முதலில் ஆராய வேண்டும்?

இந்த மாற்றத்தை எதிர்ப்பவர்களின் முதல் வாதம், இது மதமாற்றத்துக்குக் கதவு திறக்கும் என்பது. தாது வருஷப் பஞ்சத்தில், 1876க்குப் பிறகு, சேத்துப்பட்டைச் சுற்றி தராஸ் பாதிரியாரிடம் நம் முன்னோர் கூட்டம் கூட்டமாகப் போனதைக் கூழுக்காக மதம் மாறியது என்று இன்றும் கேலி பேசுகிறார்கள். பசித்தவர் கூழ் கொடுத்த வீட்டுக்குப் போவது இழிவென்றால், கூழ் கொடுக்காமல் பூட்டிக்கொண்ட வீட்டை என்னவென்று சொல்வது? இதே தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. மற்றவரை மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை. பெண், சிறுவர், பட்டியல் சாதியினர், பழங்குடியினரை மாற்றினால் நான்கு ஆண்டு. அதாவது வயதுவந்த, ஓட்டுப்போடுகிற, பட்டம் வாங்கிய ஒரு தலித்தின் மனசாட்சி சிறுபிள்ளையின் மனசாட்சிக்குச் சமம். 2004இல் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதன் எண்ணம் மூன்றாம் பத்தியில் 1950லிருந்தே உயிரோடு இருக்கிறது. நாட்டில் வேறு யாருக்கும் மதம் மாறினால் பறிபோக இப்படி ஒன்று இல்லை. எங்களுக்கு மட்டும் 25ஆம் பிரிவுக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது.

அதன் விளைவு வீட்டுக்குள் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர். வீட்டுக்கு விசாரிக்க ஆள் வந்தால் சுவரிலிருந்து படம் இறங்கிவிடும். ஜெபமாலை அரிசிப் பானைக்குள் போகும். புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறித்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. அந்தத் தீர்ப்பின் சட்ட வாதத்தில் பிழை கண்டுபிடிப்பது எளிதல்ல. பொய் சொல்வதை நாங்களும் ஆதரிக்க முடியாது. ஆனால் உண்மையைச் சொன்னால் தண்டிக்கிற பத்தியை 1950லிருந்து வைத்துக்கொண்டு, பொய் சொன்னவரை மட்டும் கடிந்துகொள்வது எங்களுக்கு நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு நம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. அதை மறைக்க வேண்டாம், இங்கே உட்கார்ந்திருப்பவர்களிலேயே அப்படி நினைப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதிக்குப் பதினெட்டு விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு மூன்று. மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள் உள்ளே வந்தால் எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று ஒரு அக்கா எங்களிடம் நேரடியாகக் கேட்டார். அந்தப் பயத்தைக் கிறித்தவ வெறுப்பு என்று சொல்லி ஒதுக்குவது தவறு. கேட்டவர் துப்புரவுப் பணியாளர், அவருக்கு இரண்டு பிள்ளைகள். பதினெட்டை உயர்த்தாமல் ஆட்களை மட்டும் சேர்ப்பது ஒரு தட்டுச் சோற்றுக்கு இரண்டு பேரை உட்கார வைப்பதுதான். பங்கைக் கூட்டித்தான் சேர்க்க வேண்டும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலிருந்து அவர்கள் வெளியேறும் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தக் கணக்கை எந்தக் கட்சியும் நமக்குப் போட்டுக் காட்டவில்லை.

ஆனால் அண்ணனின் முறிந்த கை இந்தக் கணக்கு முடியும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? எங்கள் கோரிக்கை இதுதான். இடஒதுக்கீட்டுக் கேள்வியையும் பாதுகாப்புக் கேள்வியையும் பிரியுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டம். 2015இல் திருத்தியபோது பாதிக்கப்பட்டவர் யார் என்பதற்கு விளக்கம் சேர்த்தார்கள். அந்த விளக்கத்தைப் பட்டியல் சாதிகளில் பிறந்த, அவர்களின் வழிவந்த எவரும், எந்த மதத்தைப் பின்பற்றினாலும், எந்த மதத்தையும் பின்பற்றாவிட்டாலும் என்று மாற்றினால், ஒரு கல்லூரி இடமும் ஒரு வேலையும் குறையாது. துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கு இழப்பு இல்லை. அண்ணனுக்கு வழக்கு கிடைக்கும். குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஊகத்தையும் அதே வழியில் விரிக்கலாம், தேவாலயத்துக்குள் நடப்பதற்கும் அது போய்ச்சேரும். பாதுகாப்பு மட்டும் கொடுத்துவிட்டு இடஒதுக்கீட்டை ஓரம் கட்டிவிடுவார்கள் என்று கிறித்தவத் தோழர்கள் சிலர் எங்களை எச்சரித்தார்கள். அந்த அபாயம் உண்மை. அதைத் தெரிந்துகொண்டுதான் இதைக் கேட்கிறோம், முழுக் கோரிக்கையைக் கைவிட்டு அல்ல. அடிபடுகிறவர் இந்த வாரமும் அடிபடுகிறார்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். சூசையிடம் நீதிமன்றம் ஆதாரம் கேட்டு நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் மூன்று வட்டங்களிலும் ஒரே சம்பவத்தில் அடிபட்டு, மதத்தால் இரண்டாகப் பிரிந்த வழக்குகளின் நகல்களைச் சேகரித்துவருகிறோம். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாதிச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். பெயரை மறைத்துத்தான் தொகுப்போம். கிறித்தவர், இஸ்லாமியர் இரு தரப்பும் வேண்டும். வாசலில் இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம், நோட்டும் இருக்கிறது. அண்ணனுடைய தாள்கள் அதில் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அவரே கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அம்மாவும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில். உரை முடிந்ததும் கேள்வி கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒலிவாங்கியை முதலில் அவரிடம் கொடுங்கள்.